'அஃப்கெஹண்டல்ட்' என்ற ஒரு சொல்: க்ரோனிங்கன் கிராமத்தில் வீடு வாங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் வடக்கே, க்ரோனிங்கன் பகுதிக் கிராமம் ஒன்றில் விற்பனைக்கு வந்த வீட்டின் விளம்பரம். அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: "நிலநடுக்கச் சேதம்: அஃப்கெஹண்டல்ட்." டச்சு மொழியில் இதற்கு 'முடித்துவைக்கப்பட்டது' என்று பொருள். அலுவலகத்தில் ஒரு கோப்பை மூடும்போது எழுதும் சொல். நானும் என் மனைவியும் அதைச் 'சரிசெய்யப்பட்டது' என்று படித்துக்கொண்டோம். படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். அந்தப் படத்தில் சிவப்புச் செங்கல் வீடு, பக்கத்தில் பேரிக்காய் மரம், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

அந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததை நாங்கள் நேரத்தில் கண்டுபிடிக்காமல் போயிருந்தால், 9,000 யூரோவை முன்பின் தெரியாமல் கொடுத்திருப்போம். அதைவிட, சுவரில் இருக்கும் நான்கு விரிசல்களுக்கு எந்தக் காலத்திலும் யாரிடமும் போய் நிற்க முடியாத நிலையில் அந்த வீட்டுக்குக் குடிபோயிருப்போம். ஆம்ஸ்டெல்வேனிலும் ஐண்ட்ஹோவனிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது விலை குறைவான கிராமங்களின் பக்கம் பார்க்கிறார்கள். என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அந்த மண்

ஊர் பெயர் வேண்டாம். லோப்பர்சம் ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம். லோப்பர்சத்திலிருந்து க்ரோனிங்கன் நகரத்துக்கு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். மனைவிக்கு நகரத்து மருத்துவமனையில் வேலை, எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நகரத்தில் 2023 முழுக்க ஏலம்போல விலை கேட்டுக் கேட்டுத் தோற்றோம். அதே தொகைக்கு இந்தப் பக்கம் தோட்டத்தோடு தனி வீடு கிடைக்கிறது. ஏன் கிடைக்கிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வடக்கு க்ரோனிங்கனின் கிராமங்கள் பல, மேட்டின்மேல் இருக்கின்றன. அந்த மேட்டுக்கு வீர்டெ என்று பெயர். கடலுக்குக் கரை கட்டும் வித்தை வருவதற்கு முன், அலை ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில், மக்கள் சாணத்தையும் களிமண்ணையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி உயர்த்திய குடியிருப்பு மேடுகள் அவை. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்பே தொடங்கிய வேலை. ஏஸிங்கெ என்ற ஊரில் 1923 முதல் 1934 வரை வான் கிஃபென் என்ற அகழாய்வாளர் தோண்டிப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் இருந்ததை வெளியே கொண்டுவந்தார். மேட்டின் உச்சியில் தேவாலயம், சுற்றிலும் வீடுகள், அதற்கப்பால் விதை உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்ரூட்டும் விளையும் கனத்த களிமண். சில வீர்டெக்களின் மண் நல்ல எரு என்று ஒரு காலத்தில் வெட்டி எடுத்து விற்கப்பட்டது. அதனால் பாதி மேடு நின்று பாதி சரிந்த ஊர்களும் உண்டு.

அந்தக் களிமண்ணுக்கு மூன்று கிலோமீட்டர் கீழே எரிவாயு. 1959இல் ஸ்லோக்டரனில் கண்டுபிடித்தார்கள், 1963இலிருந்து எடுத்தார்கள். வாயு வெளியேற வெளியேறப் பாறையில் அழுத்தம் குறைந்து, நிலம் தாழ்ந்து, பிளவுகள் வழுக்கத் தொடங்கின. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹௌஸிங்கெயில் 3.6 அளவுக்கு ஆடியது. அதுதான் இதுவரை பெரியது. 2018 ஜனவரியில் ஸேரைப்பில் 3.4, 2019 மே மாதம் வெஸ்டர்வைட்வெர்டில் 3.4. எண்ணைப் பார்த்து இது சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று கிலோமீட்டர் ஆழம் என்பது நிலநடுக்கத்துக்கு மிக மேலே. மேலே மெத்தென்ற களிமண். அதன்மேல் நிற்பவையோ, ஆட்டத்தை எண்ணிப் பார்க்காமல் கட்டிய ஒற்றைச் செங்கல் வீடுகள்.

2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அறிக்கை தந்தது. க்ரோனிங்கன் மக்களின் நலன் பல ஆண்டுகள் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று அது வெளிப்படையாக எழுதியது. அரசுக்கு இந்த வாயுவால் கிடைத்தது சுமார் 363 பில்லியன் யூரோ. 2023 அக்டோபர் 1 அன்று எடுப்பது நின்றது. 2024 ஏப்ரல் 19 அன்று, களத்தை நிரந்தரமாக மூடும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே ஏப்ரலில்தான். எடுப்பது நின்றாலும் பாறை உடனே அமைதியாகிவிடாது. இன்னும் பல ஆண்டுகளுக்குச் சிறு நடுக்கங்கள் வரும். இதைத் தெரிந்துதான் வாங்கினோம்.

கைவிட்ட வீடு

முதலில் எங்களுக்குப் பிடித்தது வேறு ஒரு வீடு. வயல் நடுவே, பெரிய கொட்டகையோடு, நம்ப முடியாத விலைக்கு. ஃபுண்டா என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் பார்த்த அன்றே கிளம்பிப் போனோம். கொட்டகைக் கூரையில் வரிவரியான சாம்பல் நிறத் தகடு. ஆஸ்பெஸ்டாஸ். 1993க்கு முன் போட்ட இந்தத் தகடு கிராமத்துக் கொட்டகைகளில் எங்கும் இருக்கிறது. 2024க்குள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்ற சட்ட முன்வரைவை 2019இல் மேலவை நிராகரித்துவிட்டது. ஆக, இருப்பதை உடனே எடுக்கக் கட்டாயம் இல்லை. என்றைக்கு எடுத்தாலும் செலவு நம்முடையது.

அதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தோம். வீட்டை விட்டது வேறு காரணத்துக்கு. நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், அந்த வீடு 'பண்ணைத் தொழிலுக்கான குடியிருப்பு' என்று இருந்தது. பண்ணை நடத்துகிறவர் குடியிருக்கத்தான் அது. வேறு யாராவது வாங்கிக் குடியேறினால் திட்டத்துக்கு விரோதம். நகராட்சி வெளியேறச் சொல்ல முடியும். வங்கியும் கடன் தரத் தயங்கும். வகையை மாற்றிக் கேட்கலாம், 'பிளாட்டெலண்ட்ஸ்வோனிங்' (கிராமப்புறக் குடியிருப்பு) என்று 2013இலிருந்து ஒரு வழியும் இருக்கிறது. ஆனால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் வீடு வாங்கக் கூடாது. விடுமுறைக் கால வீடுகளுக்கும் இதே சிக்கல்: விலை குறைவு, நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி இல்லை. இணையத்தில் முகவரியைத் தட்டினால் இந்தத் திட்டம் வரைபடத்தோடு வருகிறது. காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். நாங்கள் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்தோம்.

இரண்டாவது வீடு, பேரிக்காய் மரம் நின்ற வீடு. இந்த முறை முகவரியைத்தான் முதலில் தட்டினேன். சாதாரணக் குடியிருப்பு. அகழாய்வுப் பாதுகாப்பு என்று மேலே இன்னொரு வண்ணம் இருந்தது. வீர்டெயின் ஓரம் ஆதலால், குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே தோண்டினால் அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்குக் குளம் வெட்டும் எண்ணம் இல்லை.

புத்தக அலமாரிக்குப் பின்னால்

வீடு 1911இல் கட்டியது. பின்பக்கச் சமையலறை 1974இல் சேர்த்தது. கேட்ட விலை 2,89,000 யூரோ. எரிசக்திச் சிக்கனத் தரம் எஃப், அதாவது கடைசிக்கு ஒரு படி மேல். நாங்கள் 2,85,000 சொன்னோம், வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். கட்டடப் பரிசோதனைக்கு உட்பட்டுத்தான் என்று எங்கள் தரகர் எழுதி அனுப்பினார். இந்த நாட்டில் வாங்குபவருக்கு ஒரு தரகர், விற்பவருக்கு வேறொரு தரகர். ஒரே பேரத்தில் ஒருவர் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது. தரகரை இங்கே மாகலார் என்பார்கள். சொந்த மாகலார் இல்லாமலும் வாங்கலாம், பலர் அப்படியே செய்கிறார்கள். எங்களுக்கு மொழி அரைகுறை. வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

பரிசோதனைக்கு வந்தவர் அறுபது வயதுக்காரர். கையில் சிறு சுத்தியல், டார்ச், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டை ஒன்று. அட்டையில் 0.1 மில்லிமீட்டர் முதல் தடித்துக்கொண்டே போகும் கோடுகள். விரிசல்மேல் வைத்து, எந்தக் கோடு அதே தடிமன் என்று பார்க்கிறார். கூடத்தின் தரையில் மூடிபோட்ட ஒரு துளை. அதைத் திறந்து தவழ்ந்து உள்ளே போனார். தரைக்குக் கீழே அரை ஆள் உயரத்துக்கு வெற்றிடம். அவர் வெளியே வந்தபோது முழங்கையெல்லாம் ஈரக் களிமண். மரச் சட்டங்கள் திடமாக இருக்கின்றன, காற்றோட்டத் துளைகளில் இரண்டு அடைபட்டிருக்கின்றன என்றார். அஸ்திவாரம் 'ஒப் ஸ்டால்'. ஸ்டால் என்றால் டச்சில் எஃகு என்றும் பொருள் உண்டு. எஃகின்மேல் நிற்கிற வீடு என்று நான் ஒரு கணம் பூரித்துப்போனேன். இங்கே அது 'உறுதியான நிலம்' என்ற பழஞ்சொல். மரத்தூண், கான்கிரீட் தூண் எதுவும் இல்லாமல், செங்கல் சுவரையே கீழே அகலமாக்கிக் களிமண்ணின்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பழைய கூடமும் சமையலறையும் சேரும் மூலையில் ஓர் உயரமான புத்தக அலமாரி. அதை நகர்த்தலாமா என்று கேட்டார். விற்பவரின் தரகர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அலமாரிக்குப் பின்னால், சன்னல் மூலையிலிருந்து தரை வரை படிப்படியாக இறங்கியது ஒரு விரிசல். செங்கல்லை உடைக்காமல், காரையின் வழியே, மாடிப்படி போல. மேலே அகலம், கீழே ஒடுக்கம். அட்டையை வைத்தார். நான்கு மில்லிமீட்டர்.

"இது பழசு," என்றார் அவர். விளிம்பில் விரல் வைத்துக் காட்டினார். உள்ளே தூசி படிந்து, ஒரு சிலந்திக்கூடும் இருந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் 7 என்று எழுதி வட்டமிட்டிருந்தார்கள்.

அன்றிரவு படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். மன்னார்குடிப் பக்கத்தில் வயலும் வீடுமாக வாழ்ந்தவர். "மண்ணு ஆடுற ஊர்ல போய் ஏம்ப்பா வீடு வாங்குற?" என்று ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆட்டத்துல மட்டும் வந்த மாதிரி தெரியலப்பா. கோடையில நம்ம வயக்காடு வெடிக்குதுல்ல? களிமண்ணு காஞ்சா இறுகும். ரெண்டு கட்டடத்த ஒட்டவெச்சா அது பிரிஞ்சுதான் போவும்," என்றார். மறுநாள் வந்த பரிசோதனை அறிக்கையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. 1911 பகுதி மேட்டின்மேல், 1974 பகுதி மேட்டுக்கு வெளியே தாழ்ந்த களிமண்ணில். 2018இலும் 2022இலும் வந்த கடும் வறட்சியில் மண் சுருங்கியிருக்கும். நடுக்கமும் சேர்ந்திருக்கும். மூன்றையும் பிரித்து எடைபோட யாராலும் முடியாது.

பிரிக்க முடியாது என்பதால்தான் சட்டம் ஒரு வழி செய்திருக்கிறது. 2016 டிசம்பர் 31 முதல், இந்தப் பகுதியில் நடுக்கத்தால் வரக்கூடிய வகைச் சேதம் ஒன்று இருந்தால், அது வாயு எடுத்ததால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவரை விரிசலோடு வாழ்ந்த குடும்பங்கள்தான் நிபுணர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பாரம் மக்கள் தோளிலிருந்து இறங்கியது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இங்கே வந்து அக்கம்பக்கத்தாரோடு பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கோப்பில் இருந்தது

பென்சில் எண் 7 எங்கள் தரகரின் கண்ணில் பட்டது. சேதத்தைக் கணக்கெடுப்பவர்கள் ஒவ்வொரு விரிசலுக்கும் எண் போடுவார்கள். ஏழு இருந்தால் ஒன்றிலிருந்து ஆறும் எங்கோ இருக்கும். எட்டு முதலும் இருக்கலாம். முழு அறிக்கையைக் கேளுங்கள் என்றார்.

சேதத்துக்கான இழப்பீட்டை 2020 ஜூலையிலிருந்து ஐஎம்ஜி என்ற தனி அரசு அமைப்பு கவனிக்கிறது. வீட்டுக்காரர் தன் கணக்கில் நுழைந்து தன் கோப்பை எடுக்கலாம். வாங்குபவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே விற்பவர்தான் தர வேண்டும். விற்றவர் எழுபதைத் தாண்டிய அம்மையார். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. கேட்டதும் கொடுத்துவிட்டார்.

அறுபத்துச் சொச்சம் பக்கம். பதினொரு விரிசல், ஒவ்வொன்றுக்கும் படம், பழுதுபார்க்க ஆகும் தொகை, கடைசியில் மொத்தம். 2021இல் பணம் முழுதும் அவர் கணக்குக்குப் போயிருக்கிறது. பணத்தை வாங்கினால் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணவர் நோயில் கிடந்த வருடம் அது. ஏழு விரிசலைப் பூசியிருக்கிறார், நான்கை விட்டுவிட்டார். ஏழாம் எண்ணுக்கு முன்னால் அலமாரி வந்து நின்றுவிட்டது.

கோப்பின் கணக்கில் எல்லாம் 'அஃப்கெஹண்டல்ட்'. சுவரின் கணக்கில் நான்கு பாக்கி. 'ஹெர்ஸ்டெல்ட்' என்றிருந்தால்தான் பழுதுபார்க்கப்பட்டது என்று அர்த்தம். அந்தச் சொல் விளம்பரத்தில் இல்லவே இல்லை.

இதில் வாங்குபவரைக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு சேதத்துக்கு ஒரு முறைதான் ஈடு. முன்னவர் வாங்கிய பிறகு, அதே விரிசலைக் காட்டி அடுத்தவர் கேட்க முடியாது. புதிதாக வந்ததற்கோ பெரிதானதற்கோ கேட்கலாம், ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று ஆதாரம் வேண்டும். வீட்டு மதிப்புச் சரிந்ததற்குத் தந்த ஈடும் முன்னிருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு இல்லை.

சுவர் பலப்படுத்தும் திட்டம் தனி. அது என்சிஜி என்ற இன்னொரு அமைப்பின் கையில். பெரிய நடுக்கம் வந்தால் வீடு இடிந்து உயிர்போகும் அபாயம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். ஓர் ஆண்டில் ஒருவருக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு என்பதுதான் எல்லை. அதற்கு மேலே போனால் பலப்படுத்துவார்கள், சில வீடுகளை இடித்தே புதிதாகக் கட்டித் தருகிறார்கள். எங்கள் வீடு எல்லைக்கு உட்பட்டது என்று முடிவுக் கடிதம் இருந்தது. அதன் நகலையும் வாங்கினோம். இந்தக் கடிதம் இல்லாமல், 'திட்டத்தில் இருக்கிறது, முடிவு வரவில்லை' என்ற நிலையில் உள்ள வீட்டை வாங்குவோர் தைரியசாலிகள். சிறு குழந்தைகளோடு தற்காலிக வீட்டில் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மனமுடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

விற்பவருக்குச் சொல்லும் கடமை இருக்கிறது, வாங்குபவருக்கு விசாரிக்கும் கடமை இருக்கிறது. டச்சுச் சட்டம் இரண்டையும் வைத்திருக்கிறது. வழக்கு என்று வந்தால், தெரிந்தும் சொல்லாத விற்பவர் வாங்குபவரின் அசட்டையைக் காட்டித் தப்பிப்பது பொதுவாகக் கடினம். ஆனால் கண்முன் ஓர் அறிகுறி இருந்தும் தோண்டிக் கேட்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு மெலிந்துபோகும். 'நிலநடுக்கச் சேதம்' என்று விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறதே, அதுவே அறிகுறி. போதாததற்கு, பழைய வீடுகளின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வரும்: இத்தனை வயதான வீட்டுக்குப் புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று. எங்கள் ஒப்பந்தத்திலும் அது இருந்தது.

பேரமும் பத்திரமும்

நான்கு விரிசலுக்கும் அவர் வாங்கிய தொகை, இன்றைய கூலிக்குக் கொஞ்சம் ஏற்றி, 9,000 யூரோ. அதைக் குறைத்துக் கேட்டோம். சண்டை இல்லை. அம்மையார் ஒரு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார். விலை 2,76,000. அதோடு எங்கள் தரகர் இரண்டு ஷரத்துகளைச் சேர்த்தார். ஒன்று, ஐஎம்ஜி, என்சிஜி கோப்புகள் முழுவதும் ஒப்பந்தத்தின் இணைப்பு. இன்னொன்று, அம்மையார் ஏற்கெனவே மனுப்போட்டு முடிவாகாத சேதம் ஏதாவது இருந்தால் அந்த உரிமை எங்களுக்கு மாறும். சேதம் நேர்ந்தபோது யார் உரிமையாளரோ அவருக்கே உரிமை என்பதால், எழுதி மாற்றாவிட்டால் அது அவரோடே போய்விடும்.

இங்கே வாய்ச்சொல் செல்லாது. சொந்தக் குடியிருப்புக்கான வீட்டு விற்பனை எழுத்தில் வந்தால்தான் கட்டுப்படுத்தும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து வாங்குபவருக்கு மூன்று நாள் அவகாசம். காரணம் சொல்லாமல் விலகலாம். இது 2003 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, விற்பவருக்கு இல்லை. மனைவி அந்த மூன்று நாளும் தூங்கவில்லை. "ஏங்க, ஒருவேளை தப்புப் பண்றோமோ?" என்று இரண்டாம் நாள் விடியற்காலை கேட்டாள். கோப்பை மறுபடி எடுத்து இருவரும் ஆளுக்குப் பாதியாகப் படித்தோம். விலகவில்லை.

கணக்கைச் சொல்கிறேன், கேட்பவர்களுக்கு உதவும். மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு 2,80,000. இங்கே வங்கி, வீட்டின் மதிப்புக்கு நூறு சதவீதம் வரை கடன் தரும். மதிப்புக்கு மேல் விலை கொடுத்தால் மிச்சம் கைக்காசு. வெப்பக் காப்புக்கும் கதவு சன்னலுக்கும் என்று தனியாக 15,000 சேர்த்து, 2,91,000 கடன். தரம் எஃப் வீடு என்பதால், எரிசக்தி வேலைக்கு இப்படிக் கூடுதலாக 20,000 வரை கேட்க 2024இன் விதி இடம் தந்தது. அந்தப் பணம் கையில் வராது, தனிக் கணக்கில் இருக்கும், ரசீதைக் காட்டக் காட்ட வரும். எங்கள் கடன் தேசிய அடமான உத்தரவாதத்துக்குள் வந்தது. அந்த ஆண்டின் உச்சவரம்பு 4,35,000. கட்டணம் அப்போது கடனில் 0.6 சதவீதம், அதாவது 1,746 யூரோ. வேலை போய், வீட்டை நஷ்டத்துக்கு விற்க நேர்ந்தால் மிச்சக் கடனுக்கு ஒரு பிடிமானம், வட்டியும் சற்றுக் குறைவு.

கைமாற்று வரி குடியிருக்க வாங்குவோருக்கு இரண்டு சதவீதம். 35 வயதுக்குட்பட்டவர் இந்த விலக்கை முன்பு பயன்படுத்தியிராவிட்டால், 2024இல் 5,10,000 யூரோ வரையான வீட்டுக்கு வரியே இல்லை. மனைவிக்கு 33, எனக்கு 38. ஆளுக்குப் பாதிப் பங்கு என்று எழுதியதால், அவள் பாதிக்கு வரி இல்லை, என் பாதிக்கு 2,760. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவருக்கு வயது தாண்டிவிட்டால் இருவருக்கும் போயிற்று என்று நினைக்கிறார்கள். பத்து சதவீத முன்பணமான 27,600க்கு வங்கி உத்தரவாதம் போதும். தரகர், மதிப்பீடு, பரிசோதனை, கடன் ஆலோசகர், நோட்டாரிஸ் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டது.

நோட்டாரிஸ் நம் ஊர் பத்திர எழுத்தரைப் போன்றவர் அல்லர். இரு தரப்புக்கும் பொதுவாக நிற்க வேண்டிய சட்ட அலுவலர். பணம் அவர் கணக்கில்தான் போய் நிற்கும். வில்லங்கத்தை அவரே பார்த்து, 1832 முதல் நிலக் கணக்கு வைத்திருக்கும் கடாஸ்டரில் பதிவார். பழைய பத்திரத்தில் ஒரு வழியுரிமை வந்தது: பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வேலியோரமாகத் தன் தோட்டத்துக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகலாம். பத்திரத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இது உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டார். சரி என்றோம். அந்த வழியில் அவர் இப்போது வாரம் ஒரு முறை வருகிறார், "மோய்" என்று இந்தப் பக்கத்து வணக்கத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

வாய்க்கால்

பத்திரத்தில் இல்லாத, தரகரும் சொல்லாத ஒன்று தோட்டத்தின் எல்லையில் இருந்தது. ஒன்றரை மீட்டர் அகல வாய்க்கால். இங்கே ஸ்லோட் என்பார்கள். குடிவந்த செப்டம்பரில் அதில் நாணல் ஆள் உயரம். அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

வேலிக்கப்பால் இருக்கும் விவசாயி ஒரு மாலை வந்தார். நாணலைக் காட்டி, "ஸ்கௌ வருகிறது, தெரியுமா?" என்றார். தெரியாது. இந்தப் பகுதியின் நீர் வாரியம் நோர்டர்ஸைல்வெஸ்ட். நாடு முழுக்க 21 நீர் வாரியங்கள், மாகாணத் தேர்தலோடு மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், தனி வரி உண்டு. எந்த வாய்க்காலை யார் தூர்வார வேண்டும் என்று வாரியத்தின் பதிவேட்டில் வரைபடத்தோடு இருக்கிறது. பெரிய கால்வாய் வாரியத்தின் பொறுப்பு. எங்களுடையதைப் போன்ற சிறு வாய்க்கால் கரையோர நிலக்காரர்களின் பொறுப்பு, அவரவர் பக்கத்திலிருந்து நடுவரை. இலையுதிர் காலத்தில் ஆள் வந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் ஸ்கௌ என்று பெயர். செய்யாமல் விட்டால் எச்சரிக்கை, பிறகு அவர்களே ஆள்வைத்துச் செய்து செலவைக் கேட்பார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது, "குடிமராமத்துதான?" என்றார். ஆமாம், அதேதான். அவர் சின்ன வயதில் பார்த்தது, ஊரார் சேர்ந்து முறைவைத்து வாய்க்கால் வெட்டியது. இங்கே அது விடாமல் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்றால், ஒருவர் வாய்க்கால் அடைத்தால் பத்து வீட்டுக்கு மேலே இருப்பவர் வயலில் தண்ணீர் நிற்கும்.

நீண்ட காம்பு வைத்த அரிவாளை விவசாயி இரவல் தந்தார். நான் கரையிலிருந்து அறுக்கப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு இறங்கிக் காட்டினார். தண்டைத் தண்ணீருக்குள் அடியோடு அறுத்து, வாரிக் கரையில் போட்டு, இரண்டு நாள் அங்கேயே விட வேண்டும். தவளையும் நத்தையும் திரும்பி இறங்க அவகாசம். முழங்கால் வரை கறுப்புச் சேறு, அதன் வாசம் ஒரு வாரம் காலணியில் இருந்தது.

விளம்பரத்தில் 'அமைதியான இடம்' என்று எழுதியிருந்தது. அறுவடைக் காலத்தில் சர்க்கரை பீட்ரூட் லாரிகள் இரவிலும் போகும், மருந்தடிக்கும் இயந்திரம் வேலியை ஒட்டி வரும், உரம் போட்ட வாரம் துணி காயப்போட முடியாது. ஊரில் கடை இல்லை. பெரிய மருத்துவமனை என்றால் நகரம், இல்லாவிட்டால் 2018இல் ஸ்கேம்டாவில் திறந்தது. வீடு வாங்கும் முன் இரண்டு குடும்ப மருத்துவர்களிடம் கேட்டதில் ஒருவர் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்றார். இதையெல்லாம் முன்கூட்டி விசாரித்திருந்தோம். வாய்க்காலைத்தான் விட்டுவிட்டோம்.

இப்போது

ஏழாம் எண் விரிசலைப் பூசியாயிற்று. கொத்தனார் காரையைச் சுரண்டி எடுத்து, செங்கல் வரிசைகளுக்கிடையே முறுக்கிய எஃகுக் கம்பி வைத்து, மேலே சுண்ணாம்புக் காரை பூசினார். சிமெண்ட் வேண்டாம், பழைய செங்கல்லுக்கு அது இறுக்கம் அதிகம் என்றார். மூலையில் ஒரு விரிசல் மானி ஒட்டியிருக்கிறோம். இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடு, ஒன்றில் கட்டம், மற்றதில் சிவப்புக் குறுக்குக் கோடு. சுவர் நகர்ந்தால் கோடு கட்டத்தில் நகரும். மாதம் முதல் தேதி படமெடுத்து வைக்கிறேன். கோடைக் கடைசியில் அரைக் கட்டம் நகர்ந்து, மழை தொடங்கியதும் திரும்பி வந்தது. களிமண்ணின் வேலை.

குடிவந்த முதல் வாரமே எல்லாச் சுவரையும் எல்லாக் கூரையையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதியோடு சேமித்துவிட்டேன். நாளை புதிதாக ஒன்று வந்தால், அது புதிது என்று காட்ட இதுதான் ஆதாரம்.

விற்பவர்கள் நிரப்பித் தர வேண்டிய கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. அம்மையார் கொடுத்ததன் வெற்று நகலை எடுத்து, நாங்கள் இப்போதே நிரப்பத் தொடங்கிவிட்டோம். விரிசல்களுக்குத் தனித் தாள் வைத்து, எண், இடம், அகலம், ஈடு வாங்கிய ஆண்டு, பழுதுபார்த்த ஆண்டு என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறாள் மனைவி. எட்டாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் கடைசிக் கட்டம் இன்னும் காலி. கொத்தனார் மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.